கிருமி ஊசியும் கண்ணாடி வளையலும்

சந்தேகப்படுவதற்காகவே எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். முப்பத்து நான்கு வருடம் தாதியாக இருந்தேன். அதில் கடைசிப் பதினொரு வருடம் கோலாலம்பூரில் ஒரு மருத்துவமனையின் மருந்து ஆய்வுப் பிரிவில். புதிய புற்றுநோய் மருந்தை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்கும்போது, எல்லாம் எழுதிய விதிப்படி நடக்கிறதா என்று கண்காணிப்பதுதான் அங்கே என் வேலை. நடக்கிறது என்று யார் சொன்னாலும் நம்பக் கூடாது. நோயாளி சொன்னாலும் சரி, டாக்டர் சொன்னாலும் சரி, மருந்துக் கம்பெனி சொன்னால் நிச்சயமாகக் கூடாது. வேலையிலிருந்து இந்தக் குணத்தை வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டேன் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். அம்மா இருந்தவரை, அது எனக்குப் பிறவியிலேயே உண்டு என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்போது என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஷாமினி போன மாதம் போன் செய்தாள். "ஆன்டி, இப்ப பேஷண்ட் டைரியெல்லாம் போன்லதான். காய்ச்சல் எவ்வளவுன்னு தட்டிவிட்டா நேரா சிஸ்டத்துக்குப் போயிரும். தப்பா இருந்தா அதுவே சிவப்பு காட்டும். நீங்க வளையலப் பார்த்தே ஆளைப் பிடிச்சீங்களாமே, அத எங்க டீமுக்கு எழுதிக் கொடுங்க லா."

அந்த வளையல் கதை இப்படித்தான் ஊர் சுற்றிக்கொண்டிருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. ஆளைப் பிடித்தேனாம். நான் பிடித்தது யாரை என்பதைச் சரியாகச் சொல்லிவிடத்தான் இதை எழுதுகிறேன்.

என்னைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அப்பா ரயில்வேயில் சிக்னல் வேலை பார்த்தவர். பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தேன். மெதடிஸ்ட் சபையில் பாட்டுப் பாடினேன், தாதியர் பள்ளியில் சேர்ந்தேன், இருபது வருடத்துக்கு மேல் வார்டு வார்டாக மாறினேன். புற்றுநோய் வார்டில் இருந்தபோது டாக்டர் நோராய்னி என்னை ஆய்வுப் பிரிவுக்குக் கேட்டு வாங்கிக்கொண்டார். ஏன் என்னை என்று கேட்டதற்கு, "நீ யாரையும் நம்பாத முகத்தோடு இருக்கிறாய்" என்றார். அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வதா என்று பல நாள் யோசித்தேன்.

டாக்டர் நோராய்னியை அறிமுகப்படுத்தாமல் இந்தக் கதை நகராது. கோத்தா பாருக்காரர். மெல்லிய குரல், பெரிய கண்ணாடி. என்னோடு ஆங்கிலத்தில் பேசுவார், கோபம் வந்தால் மலாயில். எந்தக் கோப்பையும் கடைசிப் பக்கத்திலிருந்து முன்னோக்கித்தான் படிப்பார். முதல் பக்கத்தை எல்லோரும் ஒழுங்காக எழுதுவார்கள், களைத்துப்போய் எழுதுவது கடைசிப் பக்கத்தைத்தான் என்பார். நாம் எதைச் சொன்னாலும் இரண்டு கேள்வி வரும்: "யார் சொன்னது? எங்கே எழுதியிருக்கிறது?" எழுதாத எதுவும் அவருக்கு நடக்காததுதான். ஒருமுறை அவர் பிறந்தநாளுக்கு கேக் வாங்கி வைத்தோம். "யார் சொன்னது?" என்று கேட்டுவிட்டுத்தான் வெட்டினார்.

அந்தப் பிரிவில் என் பெயர் நிலைத்தது ஓர் உறைபெட்டியால். மருந்துக் குப்பிகளை மைனஸ் எழுபது டிகிரிக்குக் கீழே வைத்திருக்க வேண்டும். காலையும் மாலையும் ஒருவர் வெப்பநிலையைப் பார்த்து எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் இட வேண்டும். ஒரு திங்கட்கிழமை அந்தத் தாளைப் பார்த்தேன். சனி, ஞாயிறு நான்கு வரிகளும் ஒரே நீலம், ஒரே சாய்வு, எழுத்து ஒரே அவசரத்தில் வலப்பக்கம் ஓடியிருந்தது. எழுத வேண்டிய ஆளைக் கூப்பிட்டு, "அண்ணே, சனிக்கிழமை மழையா வெயிலா?" என்று கேட்டேன். முழித்தார். நான்கையும் திங்கள் காலையில் உட்கார்ந்து எழுதியிருந்தார். குப்பிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை, பெட்டி நன்றாகத்தான் ஓடியிருந்தது. ஆனால் அன்றிலிருந்து எந்தத் தாளைக் கையில் எடுத்தாலும் நான் எழுத்தைப் படிப்பதற்கு முன் மையைப் படிக்க ஆரம்பித்தேன்.

இனி கிருமி ஊசி. காய்ச்சல் வந்தால் உதட்டோரம் கொப்புளம் போடுமே, அந்த வைரஸைப் பரிசோதனைக்கூடத்தில் மாற்றி, புற்றுக்கட்டிக்குள் மட்டும் பெருகும்படி செய்திருந்தார்கள். அதைக் கட்டியிலேயே நேராக ஊசியால் ஏற்ற வேண்டும். கிருமி உள்ளே பெருகிப் புற்றணுக்களை வெடிக்கவைக்கும். அந்தக் கலவரத்தைப் பார்த்து உடம்பின் காவல்படை விழித்துக்கொண்டு, மற்ற இடங்களில் ஒளிந்திருக்கும் புற்றையும் தேடிப் போகும். இதுதான் அவர்கள் சொன்ன கதை. எனக்கு ஒரு ரவுடியை அடக்க இன்னொரு ரவுடியை வீட்டுக்குள் விட்ட மாதிரி இருந்தது. கம்பெனி அனுப்பிய கையேட்டில் வெள்ளை உடுத்தி நான்கு பேர் கடற்கரையில் சிரித்துக்கொண்டு நடந்தார்கள். இவர்கள் நோயாளிகளா நடிகர்களா என்று கம்பெனிக்காரப் பெண்ணிடம் கேட்டேன். விசாரித்துச் சொல்கிறேன் என்றாள். இன்றுவரை சொல்லவில்லை.

ஊசி போடும் முறையை நான் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். குப்பியை மேசையில் வைத்துத் தானாக உருக விட வேண்டும். உள்ளங்கையில் வைத்துச் சூடு காட்டக் கூடாது, குலுக்கக் கூடாது. இரட்டைக் கையுறை. கர்ப்பமாக இருக்கும் ஊழியர் யாரும் அந்த அறைக்குள் வரக் கூடாது. நான் குப்பியின் எண்ணையும் நோயாளியின் எண்ணையும் சத்தமாக வாசிப்பேன், டாக்டர் திருப்பிச் சொல்வார். அவர் கட்டிக்குள் விசிறி போல் பல பக்கம் ஊசியைத் திருப்பித் திருப்பி மருந்தை ஏற்றுவார். ஊசி வெளியே வந்ததும் நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைச் சத்தமாகச் சொல்லி எழுத வேண்டும். மனதுக்குள் சொன்னால் டாக்டருக்குப் பிடிக்காது. "அவர் காதிலும் விழட்டும். நோயாளியும் ஒரு சாட்சிதான்" என்பார். பிறகு இடத்தைத் துடைத்து, தண்ணீர் புகாத டிரெஸ்ஸிங் ஒட்டுவோம். வீட்டில் மாற்றும் ஒவ்வொரு டிரெஸ்ஸிங்கையும் நோயாளி உறையில் போட்டு மூடி அடுத்த முறை திருப்பிக் கொண்டுவர வேண்டும். கொடுத்தது எத்தனை, வந்தது எத்தனை என்று நான் எண்ணுவேன்.

முனியாண்டி அண்ணன் எங்களிடம் வந்தது இந்த ஆய்வுக்குத்தான். கிள்ளானில் வீடு. துறைமுகத்துக்கு லோரி ஓட்டி ஓய்ந்தவர். அவர் இப்போது இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடைசியில் சொல்லி யாரையும் அழவைக்கும் உத்தேசம் எனக்கில்லை. அவருக்கு இடது பாதத்தில் ஒரு கறுப்புப் புள்ளி வந்திருக்கிறது. கால் ஆணி என்று நினைத்து இரண்டு வருடம் பிளேடால் சீவிக்கொண்டிருந்தார். அது தோல் புற்று. எங்களிடம் வரும்போது கெண்டைக்காலிலும் முட்டிக்கு மேலும் கறுப்புக் கறுப்பாகக் கட்டிகள் ஏறியிருந்தன. மற்ற மருந்துகள் கைவிட்டிருந்தன.

முதல் நாள் படிவத்தை வைத்துக்கொண்டு கேள்விகள் கேட்டேன். பக்கத்தில் அவர் மனைவி சரோஜா அக்கா உட்கார்ந்திருந்தார்.

"வீட்டுல யாரெல்லாம் இருக்கீங்கண்ணே?"

"நானும் வீட்டுக்காரியும்தான் மிஸ்ஸி. ஒரே பொண்ணு, கட்டிக் கொடுத்தாச்சு. சுங்கை வே பக்கம் மாப்பிள்ளை வீட்டுல இருக்கு."

"வீட்டுல மாசமா இருக்கிறவங்க, கைக்குழந்தை யாராச்சும்?"

"இல்ல மிஸ்ஸி."

சரோஜா அக்கா அவரை ஒரு பார்வை பார்த்தார். ஊசிப் பயம் என்று எடுத்துக்கொண்டு கட்டத்தில் குறியிட்டேன். பிறகு வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டிய தாளைக் கொடுத்து வரி வரியாக விளக்கினேன். கிருமி உயிருள்ளது. டிரெஸ்ஸிங்கை வேறு யாரும் தொடக் கூடாது. கர்ப்பிணிகளும் பச்சைக் குழந்தைகளும் கிட்டே வரக் கூடாது. அவர்களுக்குத் தொற்றினால் ஆபத்து. கடைசி ஊசிக்குப் பிறகும் முப்பது நாள் இந்த விதி இருக்கும். காய்ச்சல் ஏறினால் அரை மணிக்கு ஒரு தடவை பார்த்து டைரியில் எழுத வேண்டும். அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கேள்வி கேட்காதவர்கள் எதையும் காதில் வாங்காதவர்கள் என்பது என் முடிவு. தாள் வீட்டில் மீன் சுற்றத்தான் போகும் என்று நினைத்தேன்.

முதல் இரண்டு ஊசிக்குக் காய்ச்சலும் குளிரும். கட்டிகள் வீங்கிச் சிவந்தன. எனக்கே பயம் வந்தது. நான்காவது ஊசிக்குப் பிறகு டாக்டர் அளவுகோலை வைத்து அளந்தார், மறுபடி அளந்தார், என்னிடம் கொடுத்து அளக்கச் சொன்னார். ஆறாவதில் சந்தேகமே இல்லை, கட்டிகள் தட்டையாகிக்கொண்டு வந்தன. முனியாண்டி அண்ணன் எண்களைக் கேட்டு வாங்கிக்கொள்வார். "எத்தன மில்லிமீட்டர் மிஸ்ஸி? போன தடவை பன்னண்டு." இரண்டு வாரத்துக்கு ஒரு ஊசி, அதற்குள் அவர் அந்த எண்ணை மறப்பதே இல்லை.

எட்டாவது ஊசிக்கு வந்தபோதுதான் எனக்கு மூக்கில் வேர்த்தது.

டைரியை நீட்டினார். அதுவரை சரோஜா அக்கா நீலப் பேனாவில் எழுதிக்கொண்டிருந்தது. இப்போது முனியாண்டி அண்ணனின் கையெழுத்தில் கறுப்பு மை, ஓரத்தில் எண்ணெய்க் கறை. ஒரு பிற்பகலில் முப்பத்தொன்பது புள்ளி நான்கு என்று காய்ச்சல். அதன்கீழ் அரை மணிக்கு ஒன்றாக ஏழு வரி, இம்மி பிசகாத நேரத்தில். முப்பத்தொன்பது காய்ச்சலில் கிடப்பவன் இவ்வளவு அழகாக எழுதுவானா? டிரெஸ்ஸிங் உறைகளின் எண்ணிக்கை சரியாக இருந்தது, ஆனால் திறந்தால் டீசல் வாடை. கழுத்திலும் கையிலும் கொசு கடித்த தடிப்புகள்.

"லோரி ஓட்டப் போறீங்களா அண்ணே?"

"இல்ல மிஸ்ஸி. எங்க ஓட்டுறது."

"வீட்டுலதானே இருக்கீங்க?"

"ஆமா... அங்கதான்."

நம்பவில்லை. ஆள் மறுபடி துறைமுகத்துக்குப் போகிறார், டைரியை மருத்துவமனை வாசலில் உட்கார்ந்து கற்பனையாக நிரப்புகிறார் என்று தீர்மானித்தேன். ஊசி முடிந்து, மாற்ற வேண்டிய டிரெஸ்ஸிங்குகளைச் சரோஜா அக்காவிடம் எண்ணிக் கொடுக்கும்போது அவர் கையைப் பார்த்தேன். முந்தின ஏழு முறையும் கையில் மெல்லிய தங்க வளையல் ஒன்று மட்டும் போட்டு வந்தவர். இன்று மணிக்கட்டு நிறைய கண்ணாடி வளையல். சிவப்பும் பச்சையும் மாறி மாறி.

"அழகா இருக்குக்கா. மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவுல வாங்கினீங்களா?"

"ம்ம், அங்கதான்." முந்தானையை இழுத்துக் கையை மூடிக்கொண்டார்.

"யாருக்கு வளைகாப்பு?"

"தெரிஞ்சவங்க வீட்டுல மிஸ்ஸி."

ஒரு நிமிடத்துக்குள் இரண்டு பதில். வாங்கியதென்றால் வளைகாப்பில்லை, வளைகாப்பென்றால் வாங்கியதில்லை. ஒரே பெண், கட்டிக் கொடுத்தாச்சு என்று அவர் சொன்னது அப்போதுதான் என் காதில் மறுபடி விழுந்தது. ஏழாம் மாதம் வளையல் அடுக்கி, முதல் பிரசவத்துக்குப் பெண்ணை எங்கே அழைத்து வருவார்கள்? தாய் வீட்டுக்கு. உயிருள்ள கிருமியைக் காலில் வைத்துக்கொண்டிருக்கும் மனிதனின் வீட்டுக்கு. எனக்குக் கோபம் தலைக்கேறியது. நான் அவ்வளவு விளக்கியும், சொந்தப் பேரப்பிள்ளையைப் பற்றிக்கூட இவர்களுக்குக் கவலை இல்லையே என்று மனம் கொதித்தது.

டாக்டரிடம் ஓடினேன்.

"யார் சொன்னது?" என்றார்.

"யாரும் சொல்லவில்லை. வளையல்."

"எங்கே எழுதியிருக்கிறது? வளையலைக் கோப்பில் ஒட்டப் போகிறாயா?" கண்ணாடியைக் கழற்றினார். "போனில் கேட்டால் இல்லை என்பார்கள். நாளை நேரில் போ. அந்தப் பெண் அங்கே இருந்தால் அடுத்த ஊசி கிடையாது. அவரிடம் நீயே சொல்லிவிடு."

மறுநாள் சனிக்கிழமை காலை. கேஎல் சென்ட்ரலில் ரயிலேறிக் கிள்ளானில் இறங்கினேன். வழி முழுக்க என்ன சொல்லப் போகிறேன் என்று ஒத்திகை பார்த்தேன். என் பேச்சு ஒவ்வொரு ஸ்டேஷனிலும் இன்னும் காட்டமாகிக்கொண்டே போனது.

தரை வீடு, வாசலில் துளசித் தொட்டி. கதவைத் திறந்தது நைட்டி போட்ட ஓர் இளம்பெண். வயிறு முன்னால் வந்தது, அதற்கும் முன்னால் வளையல் சத்தம்.

"யாரு ஆன்டி?"

"ஆஸ்பத்திரியில இருந்து வரேன்மா. அப்பா எங்க?"

அவள் முகம் மாறியது. "அப்பா இங்க இல்ல ஆன்டி."

"லோரி ஓட்டப் போயிட்டாரா?"

"லோரியிலதான் இருக்காரு. ஆனா ஓட்டல."

வீட்டுக்குப் பின்னால், திடலை ஒட்டி ஒரு பழைய மூன்று டன் லோரி நின்றது. பின்பக்கம் தார்ப்பாய் கட்டியிருந்தது. உள்ளே ஒரு மெத்தை, மடித்த கைலி, சோப்பு, தனித் தட்டு, தனி டம்ளர், பேட்டரியில் ஓடும் சின்ன விசிறி. பக்கப்பலகையில் நான் கொடுத்த தாள் ஒட்டியிருந்தது. கர்ப்பிணிகளும் பச்சைக் குழந்தைகளும் என்ற வரியின் கீழே இரண்டு கோடு. முனியாண்டி அண்ணன் என்னைப் பார்த்ததும் சட்டையைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு இறங்கி வந்தார்.

"எத்தன நாளாண்ணே இங்க?"

"வளைகாப்பு அன்னிக்குச் சாயங்காலத்துல இருந்து. பன்னண்டு நாளு."

"வளைகாப்புக்குப் போனீங்களா?"

"எங்க மிஸ்ஸி. ஹாலுக்கு வெளியில நின்னேன். எனக்கு வயிறு சரியில்லன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டாங்க."

அப்போதும் என் வாய் சும்மா இருக்கவில்லை. கக்கூஸுக்கு எங்கே போகிறீர்கள் என்று கேட்டேன். பெட்ரோல் ஸ்டேஷன் என்றார். சாப்பாடு? சரோஜா அக்கா கொண்டுவந்து வைத்துவிட்டுத் தள்ளி நின்றுகொள்வார். டிரெஸ்ஸிங்? அவரே கையுறை போட்டு மாற்றி, உறையை டூல்ஸ் பெட்டியில் வைத்துப் பூட்டுகிறார். டீசல் வாடை அங்கிருந்து வந்தது.

"அந்த முப்பத்தொன்பது காய்ச்சல்?"

"இங்கதான் படுத்திருந்தேன். வீட்டுக்காரி அங்க நின்னு போன் அடிச்சிக்கிட்டே இருந்துச்சு. அரை மணிக்கு ஒருக்கா பார்த்து எழுதுங்கன்னு நீங்கதானே சொன்னீங்க மிஸ்ஸி."

அந்தப் பக்கத்தைத்தான் நான் பொய் என்று முடிவு கட்டியிருந்தேன். தார்ப்பாய்க்குள்ளே அனல். அங்கே ஓர் ஆள் தனியாகக் கிடந்து நடுங்கிக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்து ஏழு வரி எழுதியிருக்கிறார். எனக்கு வெட்கமாகிவிட்டது. ஒத்திகை பார்த்த பேச்சை விட்டுவிட்டுக் கேட்டேன்.

"ஏன்ணே எங்ககிட்ட சொல்லல?"

"சொன்னா ஊசிய நிறுத்திருவீங்க. கட்டி கரையுதுன்னு நீங்கதானே அளந்தீங்க." தலையைத் திருப்பி வீட்டைப் பார்த்தார். "பொண்ண வராதன்னு சொல்ல முடியுமா? மாப்பிள்ளை வீட்டுல ஏன் எதுக்குன்னு கேப்பாங்க. அவங்ககிட்ட இனிப்புநீர் வியாதி, கால்ல புண்ணுன்னுதான் சொல்லி வச்சிருக்கோம். மிஸ்ஸி, எழுதாதீங்க. எனக்கு இந்தப் பிள்ளையப் பார்க்கணும். பார்க்கணும்னா இந்த ஊசி வேணும்."

"எழுதாம இருக்க முடியாதுண்ணே. நாளைக்கே இன்னொரு காய்ச்சல்ல நீங்க இங்க தனியா செத்துக் கிடந்தா என்ன பண்றது?" என்றேன். முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அவர்தான் எனக்குத் தண்ணீர் பாட்டில் திறந்து கொடுக்கப் போய், பிறகு கையை இழுத்துக்கொண்டு, "கடையில வாங்கிக்குங்க மிஸ்ஸி, இது என்னுது" என்றார்.

திங்கட்கிழமை டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "முதல் நாள் நீ கேட்ட கேள்வியை எனக்குப் படித்துக் காட்டு" என்றார். படித்தேன். வீட்டில் கர்ப்பிணி யாராவது இருக்கிறார்களா?

"அவர் பொய் சொன்னாரா?"

"இல்லை."

"நீ முதல் பிள்ளைக்கு எங்கே போனாய் ஸ்டெல்லா?"

"பிரிக்ஃபீல்ட்ஸ். அம்மா வீட்டுக்கு."

"நான் கோத்தா பாருவுக்கு. அம்மா வீட்டுக்கு." படிவத்தைத் தன் பக்கம் இழுத்தார். "நம் இரண்டு பேர் கையெழுத்தும் இதில் இருக்கிறது."

கட்டிக் கொடுத்த ஒரே பெண் என்று ஒரு தமிழ் அப்பா சொல்கிறார். அடுத்த கேள்வியாக, அவளுக்கு விசேஷம் ஏதும் உண்டா, பிரசவத்துக்கு எங்கே வருவாள் என்று எந்தத் தமிழச்சியும் கேட்டிருப்பாள். நான் கேட்கவில்லை. வெளிநாட்டில் எழுதிய கேள்வியை வெளிநாட்டுக்காரி மாதிரியே வாசித்துக் குறியிட்டேன். உலகத்தையே சந்தேகப்பட்டவள் படிவத்தைச் சந்தேகப்படவில்லை. அறிக்கையின் முதல் வரியில் அதைத்தான் எழுதினேன்: கேள்வி தவறாகக் கேட்கப்பட்டது, கேட்டவர் நான். ஷாமினி, நான் பிடித்த ஆள் இவள்தான்.

கம்பெனியிலிருந்து மின்னஞ்சல் வந்தது. திருமணமான பெண் ஏன் கணவன் வீட்டை விட்டுத் தாய் வீட்டுக்கு வர வேண்டும், விளக்கவும். அரைப் பக்கம் விளக்கினேன். ஊசியை நிறுத்தி வைத்தார்கள். அந்த மூன்று வாரமும் ஒவ்வொரு காலையும் அவருக்கு போன் செய்து கட்டி எப்படி இருக்கிறது என்று கேட்டேன். நான் எழுதியதால் அது திரும்பி வளர்ந்துவிடுமோ என்று சாப்பாடு இறங்கவில்லை. வளரவில்லை. தனி இடத்தில், கவனித்துக்கொள்ள ஒருவர் இருந்தால் தொடரலாம் என்று பதில் வந்தது. பெண்ணுக்கு ரத்தம் எடுத்துப் பார்த்தோம், ஒன்றுமில்லை. அவள் வீட்டுக்காரரிடம் உண்மையைச் சொல்லிவிட்டாள். நாங்கள் பயந்த மாதிரி எதுவும் நடக்கவில்லை. அந்த மாப்பிள்ளைப் பையனே வந்து லோரியிலிருந்த மெத்தையைத் தூக்கி, பிரிக்ஃபீல்ட்ஸில் முனியாண்டி அண்ணனின் தம்பி இருந்த ஃபிளாட்டுக்குக் கொண்டுபோய்ப் போட்டான்.

பேரன் பிறந்தான். தாத்தா கிள்ளானுக்குப் போய்க் கேட்டுக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வந்தார். "மூக்கு எங்கம்மா மூக்கு மிஸ்ஸி" என்றார். அவ்வளவு தூரத்திலிருந்து மூக்கு எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை. கேட்காமல் விடக் கற்றுக்கொண்டிருந்தேன்.

பிறகு ஸ்கேன் வந்தது. காலில் கட்டிகள் போய்க் கறுப்புத் தழும்பு மட்டுமே மிச்சம். ஆனால் நுரையீரலில் புதிதாக மூன்று. உடம்பின் காவல்படை தேடிப் போகும் என்றார்களே, அது அங்கே போகவில்லை. விதிப்படி அவருக்கு இந்த ஊசி இனி இல்லை. டாக்டர் நோராய்னி படத்தைக் காட்டி மெதுவாகச் சொன்னார், நான் தமிழில் சொன்னேன். சரோஜா அக்கா அழ ஆரம்பித்தார். முனியாண்டி அண்ணன் படத்திலிருந்து கண்ணை எடுத்து மேசைக் காலண்டரைப் பார்த்தார்.

"அப்போ பேரனத் தூக்க இன்னையிலேருந்து முப்பது நாள் எண்ணலாமா மிஸ்ஸி?"

டாக்டருக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். டாக்டர் கோப்பை எடுத்தார். கடைசிப் பக்கத்திலிருந்து திருப்பி, ஒரு வரியில் விரலை வைத்தார். "இன்றிலிருந்து இல்லை. கடைசி ஊசியிலிருந்து. பதினொரு நாள் ஏற்கெனவே போய்விட்டது என்று அவரிடம் சொல்." சொல்லிவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

கடைசி ஊசிக்கு முப்பதாம் நாள் ஒரு பாதுகாப்புப் பரிசோதனை உண்டு. பிற்பகல் இரண்டு மணிக்கு வந்தார். கிள்ளானிலிருந்து நேராக வந்ததாகச் சொன்னார். வெள்ளைச் சட்டை. ரத்த அழுத்தம் பார்க்கக் கையைக் கட்டும்போது கவனித்தேன், இடது தோளில் கறுப்பாக ஈஷியிருந்தது. கண் மை. குழந்தை கன்னத்துத் திருஷ்டிப் பொட்டு.

பழைய புத்தி எங்கே போகும்? மேசைக் காலண்டரைக் கண்ணாலேயே எண்ணினேன். மறுபடி எண்ணினேன். இன்றுதான் முப்பது. முப்பது நாள் முடிய வேண்டும் என்பது விதி, இன்னும் பொழுதுகூடச் சாயவில்லை. ஒரே ஒரு நாள் பொறுக்க முடியவில்லையா என்று நினைத்தேன். அவர் என் கண் போன இடத்தைப் பார்த்துவிட்டார். தன் தோளைப் பார்த்தார், சிரித்தார்.

"முடிஞ்சப்புறம்தான் தூக்கினேன் மிஸ்ஸி. காலையிலேயே குளிச்சிட்டு, வாசல்ல கடிகாரத்த வச்சிக்கிட்டு உக்கார்ந்திருந்தேன். பத்து நாப்பது ஆனதும்தான் கையில வாங்கினேன். அன்னிக்கு ஊசிய எடுத்ததும் நீங்க அந்த நேரத்தத்தானே சத்தமா வாசிச்சீங்க? சந்தேகமா இருந்தா பாருங்க."

கோப்பைத் திறந்து பார்த்தேன். முப்பது நாளுக்கு முன்னால், என் கையெழுத்தில், கடைசி ஊசி: காலை 10.40.